கவட்டை மரத்தில் ஓர் உப்பு மரவை

வண்ணாரப்பேட்டையில் கடைசல் பட்டறை கௌசர் என்றால் எல்லாருக்கும் தெரியும். கட்டில் கால், தொட்டில் கம்பு, சப்பாத்திக் கட்டை என்று அவள் கையில் ஏதாவது ஒன்று நாள் முழுக்கச் சுழன்றுகொண்டிருக்கும். பட்டறை கணவர் அத்தாவுல்லாவுடையது. அவருக்குத் தோள்பட்டை விட்டுப்போன பிறகு உளியை இவள் பிடித்தாள். கடை கடையாகப் போய் விற்றுவருவது அவர் வேலை.

ஒரு மழைக்காலப் புயலில் மூலக்கொத்தளம் இடுகாட்டில் பெரிய பூவரச மரம் ஒன்று சாய்ந்தது. நேரான அடிமரத்தை மரக்கடைக்காரர்கள் கொண்டுபோய்விட்டார்கள். கிளை பிரியும் கவட்டைத் துண்டை யாரும் தொடவில்லை. அந்த இடத்தில் நார் ஒரே பக்கமாக ஓடாது, சுழித்துக்கொண்டு போகும். காயும்போது ஒரு பக்கம் இழுக்கும், ஒரு பக்கம் பிளக்கும். கௌசருக்கு அந்தச் சுழிதான் பிடித்திருந்தது. வண்டி வைத்துக் கொண்டுவந்துவிட்டாள்.

"இடுகாட்டு மரத்தப் போய் இஸ்துகினு வந்துகீறியே, யாரு வாங்குவா?" என்றார் அத்தாவுல்லா.

மறுநாளே ஆள் வந்தது. காத்திவாக்கத்தில் மீன் விற்கும் செல்லம்மா விசாரித்துக்கொண்டே வந்து வாசலில் நின்றாள். முன்பு ராயபுரத்தில் குடியிருந்தபோது, காய்ச்சலில் போன மகனை அந்த மரத்தடியில்தான் புதைத்திருந்தார்கள். குழிக்கு மேல் குழி விழுந்து, கடைசியில் மரம் ஒன்றே அடையாளமாக மிஞ்சியிருந்தது.

"இன்னா செஞ்சி குடுத்தாலும் சரிம்மா. அடுப்பாண்ட வச்சிக்கிறா மாதிரி."

"உப்பு போட்டு வைக்க மரவை செஞ்சி தரட்டா?"

செல்லம்மா தலையசைத்தாள். அன்றைக்கே கௌசர் ஒரு துண்டை அறுத்து மெல்லிசாகக் கடைந்து கொடுத்தாள். ஈர மரம் என்று தெரியும். ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு, பொறுத்துக்கொள் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

சில நாளில் செல்லம்மா முந்தானையில் மரவையைச் சுற்றிக்கொண்டு திரும்பி வந்தாள். விளிம்பிலிருந்து அடிவரை பிளந்திருந்தது.

"நான் ஒன்னும் பண்ணலம்மா. சும்மாதான் வச்சிகினு இருந்தேன்."

கௌசருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது. "உன் மேல தப்பு இல்லக்கா. நான்தான் பச்ச மரத்த அவசரமா கடஞ்சிட்டேன். அடுத்த மழ வரிக்கும் காயணும். பொறுத்துக்குவியா?"

"இத்தினி வருசம் பொறுத்துக்கலயா?" என்றாள் செல்லம்மா.

இந்த முறை கௌசர் இன்னொரு துண்டை அறுத்து மரவையைத் தடிமனாக, அரைகுறையாகக் கடைந்தாள். ஈரம் மெதுவாக இறங்கட்டும் என்று, நார் அறுபட்ட பக்கங்களில் மெழுகுவத்தியை உருக்கிப் பூசினாள். மரச்சுருள் நிறைந்த சாக்குக்குள் அதைப் புதைத்து மூலையில் வைத்தாள். வெயில் ஏறியபோது, தகரக் கூரையின் காந்தல் படாத இடத்துக்கு அந்தச் சாக்கை நகர்த்தியவர் அத்தாவுல்லா. செல்லம்மா வந்து போனதிலிருந்து அவர் இடுகாட்டு மரம் என்று சொல்வதில்லை.

செல்லம்மா அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் சாக்குக்குள் கைவிட்டுத் தடவிப் பார்ப்பாள். ஒருநாள் பதறிப்போனாள். வட்டமாக இருந்தது முட்டை வடிவமாகியிருந்தது.

"கோணிக்கிச்சேம்மா!"

"கோணட்டும்க்கா. இப்பவே கோணிக்கினா அப்பால தொந்தரவு இல்ல."

அடுத்த மழைக்கு முன் கௌசர் அதை மறுபடி கடைசலில் ஏற்றினாள். சுழியில் நார் எதிர்த்து எழும்பியது. அடிக்கடி உளியைத் தீட்டி, தொட்டும் தொடாமலும் சீவினாள். ஓரிடத்தில் மட்டும் நார் பிய்ந்து சின்னப் பள்ளம் விழுந்தது. அதைச் சமன் செய்யப் போனால் மரவையின் சுவர் மெலிந்துவிடும் என்று விட்டுவிட்டாள். மீதியை உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததும், தேங்கிய தண்ணீரில் காற்றடித்ததுபோல் ரேகைகள் தெளிந்து வந்தன.

செல்லம்மா வீட்டுக்குப் போன பிறகும் மரவை பிளக்கவில்லை. ஒரு மாதம் பார்த்துவிட்டு, அவள் கௌசரைக் காத்திவாக்கத்துக்குச் சாப்பிடக் கூப்பிட்டாள். அடுப்பருகே மரவையில் கல்லுப்பு இருந்தது. நண்டுக் குழம்பைப் பரிமாறியவள் திடீரென்று சிரித்தாள்.

"எம்புள்ள நண்டு தின்னவே மாட்டாம்மா. ஓடு குத்துதுன்னு அழுவான். நான்தான் ஒடச்சி வாயில வைக்கணும்."

புதைத்த இடத்தைச் சொன்னதைத் தவிர, மகனைப் பற்றி அவள் பேசியது அதுதான் முதல் தடவை. அப்புறம் நிறுத்தவில்லை. கௌசர் கேட்டுக்கொண்டே சாப்பிட்டாள். பஸ்ஸுக்கு நேரமாகியும் எழுந்திருக்கவில்லை.