பாலத்துச் சுவரில் நான் எழுதிய நூறு

என் சகலை நிலம் அளக்கும் ட்ரோன் வாங்கிய செய்தியை மாமனார் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் கேட்டேன். என் மனைவியின் தங்கையைக் கட்டியவர் அவர். விருதுநகரில் கல்யாண வீடுகளுக்கு வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். இப்போது பயிற்சிக்குப் போய் லைசென்சும் வாங்கிவிட்டார் என்று மாமியார் சொன்னார். சொல்லிக்கொண்டே சகலையின் தட்டில் இன்னொரு கரண்டி கறி வைத்தார்.

"இனிமே ரெண்டு மருமகனுக்கும் ஒரே தொழிலு" என்றார் மாமனார்.

"சகலை வெயில்ல நின்னு அளக்காரு, நான் நெழல்ல உக்காந்து அளக்கேன். அம்புட்டுதான் வித்தியாசம்" என்றார் சகலை.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மிச்சச் சோற்றைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கினேன்.

பன்னிரண்டாவது முடித்ததிலிருந்து எனக்கு இந்த ஒரு வேலைதான் தெரியும். லெவல் மிஷினை முக்காலியில் வைத்து, எதிரே ஒருவரை அளவுக்கம்பத்தோடு நிறுத்தி, தரை எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று எழுதுவேன். சிவகாசியைச் சுற்றி நான் மட்டம் பார்த்துக் கட்டிய பட்டாசு ஷெட்டுகள் நிறைய. வேலை வரும், ஆனால் பேச்சு வராது. முதலாளிமார் அறைக்குள் போனால் நாற்காலியின் நுனியில்தான் உட்காருவேன். கேட்டதற்குப் பதில் சொல்வேன், கேட்காததைச் சொல்ல மாட்டேன்.

தாயில்பட்டிப் பக்கம் ஒரு முதலாளி. அவருடைய பட்டாசுக் கம்பெனியில் முதல் ஷெட்டிலிருந்து கடைசி ஷெட் வரை நான்தான் மட்டம் பார்த்தவன். ஒருநாள் காலையில் போன் செய்தார்.

"சர்வேயரே, பழைய கம்பெனியை ஒட்டி நெலம் சேத்து வாங்கிருக்கேன். உங்க சகலையைத்தான் அளக்கச் சொல்லிருக்கேன். எல்லைக் கல்லு எங்கனங்கன இருக்குன்னு வந்து காட்டிக் குடுத்துருங்க."

"சரிங்க அண்ணாச்சி" என்றேன்.

வேலை நடக்கும் நாளில் அந்த மாதிரிக் கருவியை உள்ளே விட மாட்டார்கள் என்பதால் வார விடுமுறையில் போனோம். சகலை பெட்டியைத் திறந்து, இறக்கைகளை விரித்து, மேலே அனுப்பினார். நான் நான்கு நாள் முள்ளில் நடந்து அளக்க வேண்டிய நிலத்தை அது இருபது நிமிடத்தில் சுற்றி முடித்தது. அந்த இருபது நிமிடமும், விழுந்துவிடாதா என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றேன். விழவில்லை. கிளம்பிய இடத்துக்கே திரும்பி வந்து பூப்போல இறங்கியது.

அன்று எனக்குக் கிடைத்த ஒரே சந்தோஷம் கம்பெனி வாசலில்தான். வாசலுக்கு முன்னால் ஓடையைத் தாண்ட ஒரு சின்னப் பாலம் இருக்கிறது. அதன் கைப்பிடிச் சுவர்மேல் சகலை தன்னுடைய செயற்கைக்கோள் கருவியை வைத்தார். உயரம் ஏழு மீட்டருக்கும் கொஞ்சம் குறைவாகக் காட்டியது.

"ஏழா? அப்ப கடலு நம்ம வாசலுக்கே வந்துருச்சுன்னு சொல்லுங்க" என்றார் முதலாளி.

எனக்கு உள்ளே குளிர்ந்தது. சகலை அசரவில்லை.

"இது கடல்லருந்து அளக்காது அண்ணாச்சி. பூமியை வழவழன்னு ஒரு உருண்டையாக் கணக்குல வச்சு, அதுலருந்து அளக்கும். நம்ம பக்கம் அந்த உருண்டையோட தோலு கடல் மட்டத்துக்குத் தொண்ணூறு மீட்டருக்கும் மேல நிக்கி. அதைக் கூட்டணும். எம்புட்டுக் கூட்டணும்னு சரியாத் தெரிய, உயரம் தெரிஞ்ச கல்லு ஒண்ணு தரையில வேணும்."

அப்படிச் சொல்லிக்கொண்டே குனிந்தவர் சுவரின் பக்கவாட்டில் சிவப்புப் பெயின்டைப் பார்த்தார். 100.000 என்று எழுதியிருந்தது.

"சகலை, இது உங்க எழுத்துதான?"

"ஆமா."

"நூறுதான?"

"ஆமா."

நூறிலிருந்து ஏழைக் கழித்தால் தொண்ணூற்று மூன்று. பயிற்சியில் சொல்லிக்கொடுத்த கணக்கோடு ஒத்துப்போகிறது என்று அவர் முகம் மலர்ந்தது. கடல் மட்டத்திலிருந்து நூறு மீட்டர் என்று குறித்துக்கொண்டார்.

அது கடல் மட்டத்திலிருந்து நூறு இல்லை.

என்னைப் போன்ற தனியார் சர்வேயர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒரு படியையோ சுவரையோ பிடித்து, அதற்கு நூறு என்று நாமே வைத்துக்கொள்வோம். மற்ற எல்லாவற்றையும் அதிலிருந்து கூட்டிக் கழிப்போம். ஒரு கம்பெனிக்குள் மேடு பள்ளம் பார்க்க அது போதும். மலை ஊரிலோ கடலோர ஊரிலோ அந்த நூறைப் பார்த்ததும் யாருக்கும் தெரிந்துவிடும், இது சும்மா வைத்தது என்று. எங்கள் பக்கத்துத் தரையோ நிஜமாகவே கடலிலிருந்து நூறு மீட்டரை ஒட்டித்தான் இருக்கிறது. அதனால் பொய் நூறு மெய் நூறு மாதிரியே இருக்கும்.

பெயின்ட் அடித்த மறுவருடமே அந்தப் பாலத்தின் உண்மையான உயரம் எனக்குத் தெரிந்துவிட்டது. வேறொரு வேலைக்காகக் கண்மாயில் உபரித் தண்ணீர் வழிந்தோடும் கலிங்கில் இருக்கும் அரசாங்கக் கல்லிலிருந்து அந்தப் பாலம் வரை மட்டம் கொண்டுவந்தேன். தொண்ணூற்றெட்டு அறுபது வந்தது. நூறுக்கு ஒரு மீட்டர் நாற்பது சென்டிமீட்டர் குறைவு. நோட்டில் எழுதிக்கொண்டேன். சுவரில் மாற்றவில்லை. மாற்றினால் ஏன் என்று கேட்பார்கள், நின்று விளக்க வேண்டும். அப்படியே பன்னிரண்டு வருடம் ஓடிவிட்டது.

சகலை கேட்டபோது இதெல்லாம் நினைவுக்கு வரவில்லை என்று பல நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன்.

நான்கு நாள் கழித்து அவர் வரைபடத்தைக் கொண்டுவந்தார். முதலாளி என்னையும் கூப்பிட்டிருந்தார். அறையில் இருந்த பெரிய டிவியில் நிலம் முழுவதும் நிறம் நிறமாகத் தெரிந்தது. பள்ளம் நீலம், மேடு சிவப்பு. ஒவ்வொரு கருவேல மரமும் நிழலோடு இருந்தது. நான் இத்தனை வருடம் பென்சிலால் எண்களாக எழுதிக்கொடுத்ததை அவர் படமாகவே காட்டினார். எவ்வளவு அழகாக இருந்தது என்று சொல்லக்கூட இப்போது மனம் வரவில்லை.

"இதைப் பாத்தா என் பேரனுக்குக்கூட வெளங்கும்" என்றார் முதலாளி. பிறகு என் பக்கம் திரும்பினார். "உங்க நோட்டு உங்களுக்கு மட்டுந்தான் வெளங்கும், என்ன சர்வேயரே?"

நான் தலையாட்டினேன்.

அந்த நிலத்தின் மேற்கு ஓரம் கண்மாயின் நீர்ப்பிடிப்பை ஒட்டியது. கண்மாய் நிறைந்தால் தண்ணீர் கலிங்கின் மட்டம் வரை ஏறி நிற்கும். கலிங்கின் உயரம் அரசாங்கக் காகிதத்தில் இருந்தது, கடல் மட்டக் கணக்கில். படத்தில் மேற்கு ஓரம் அதைவிட முக்கால் மீட்டர் உயரம் என்று சகலை காட்டினார். நான் மனதுக்குள் ஒரு மீட்டர் நாற்பதைக் கழித்தேன். தண்ணீருக்கு அடியில் போனது.

அந்த இடத்தில்தான் பட்டாசு மருந்து கலக்கும் ரூம் மூன்றும் வரப்போவதாக முதலாளி விரலால் தொட்டுக் காட்டினார்.

அலுமினியப் பவுடர் சேர்ந்த மருந்தில் ஈரம் பட்டால் தானாகச் சூடேறும் என்பது எங்கள் ஊரில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். அந்தக் கண்மாய் நிறைந்து பல வருடமாயிற்று. கண்ணால் பார்த்தால் காய்ந்த காடு. நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. வெட்கம் மட்டும் காரணமில்லை. நாக்கின் அடியில் ஒரு இனிப்பு இருந்தது. இவ்வளவு பெரிய டிவி, இவ்வளவு நிறம், அத்தனையும் தப்பு. அது அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். அந்த இனிப்பை வீடு வரை கொண்டுபோனேன்.

"என்னமோ போல இருக்கீக. சிரிக்கீகளா, யோசிக்கீகளா?" என்று மனைவி கேட்டாள்.

"ஒண்ணுமில்ல" என்றேன்.

மூன்றாம் நாள் பழைய ஷெட் ஒன்றில் மட்டம் பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். போனபோது மேற்கு ஓரத்தில் போர்மேன் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். மூன்று கட்டம்.

"புதன்கிழம அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டுதோம்ணே" என்றார். ஒரு கட்டத்துக்குள் நின்று, "இங்கன நம்ம ஆளுக ரெண்டு பேரு உக்காந்தா காத்து நல்லா வரும்" என்றார்.

அவர் நின்ற இடத்தைப் பார்த்தேன். அளவுக்கம்பம் இல்லாமலே தண்ணீர் எது வரை வரும் என்று தெரிந்தது. முழங்காலுக்கு மேலே. என் வாயில் இருந்த இனிப்பு அப்போது போயிற்று. அந்த இரண்டு ஆட்களை நினைத்ததாலா, சுவரில் இருப்பது என் கையெழுத்து என்று நினைத்ததாலா என்று கேட்டால், இரண்டும்தான்.

அன்று சாயங்காலமே பழைய நோட்டை எடுத்துக்கொண்டு விருதுநகருக்கு பஸ் ஏறினேன். வழியெல்லாம் சகலையிடம் சொல்லச் சில வார்த்தைகளைத் தயார் செய்தேன். 'நெழல்ல உக்காந்து அளந்தா இப்படித்தான்' என்பது அதில் ஒன்று.

அவருடைய ஸ்டுடியோவில் உட்கார்ந்து நோட்டை நீட்டினேன். தயார் செய்த எதுவும் வரவில்லை. "அந்த நூறு நானா வச்சது" என்று மட்டும் சொன்னேன்.

அவர் பக்கத்தை இரண்டு முறை படித்தார். மேலே இருந்த தேதியையும் பார்த்தார்.

"பன்னெண்டு வருசமாத் தெரியுமா சகலை?"

"ம்."

"அன்னைக்கிப் பாலத்துல நான் கேட்டப்பவும்?"

நான் மேஜையைப் பார்த்தேன். கத்துவார் என்று காத்திருந்தேன். அவரோ போனை எடுத்து முதலாளியைக் கூப்பிட்டார், ஸ்பீக்கரில்.

"அண்ணாச்சி, மேக்க வேலையை நிப்பாட்டுங்க. நான் தப்புப் பண்ணிட்டேன். ஒரே கல்லை நம்பிட்டேன், இன்னொரு கல்லுல போயிச் சரிபாக்கல. மருந்து ரூம் வர்ற எடத்துல தண்ணி ஏறும். சகலைதான் பாத்துச் சொன்னாக."

முதலாளி பெருமூச்சு விட்டது கேட்டது. "இம்புட்டு வருசத்துல தப்புன்னு தானா வாய்விட்டுச் சொன்ன ஆளு நீங்க ஒருத்தர்தான். காலைல வாங்க."

காலையில் கலிங்குக் கல்லிலிருந்து பாலம் வரை லெவல் மிஷினால் மறுபடி மட்டம் கொண்டுவந்தேன். கம்பத்தைப் பிடித்தவர் சகலை. வேர்த்து ஒழுகியது அவருக்கு. "நேராப் பிடிங்க சகலை" என்று இரண்டு முறை தேவையில்லாமல் சத்தம் போட்டேன். அதே தொண்ணூற்றெட்டு அறுபது வந்தது. அவர் மரத்தடியில் லேப்டாப்பைத் திறந்து, ஒரு எண்ணை மாற்றினார். நிலம் முழுவதும் ஒரு மீட்டர் நாற்பது கீழே இறங்கியது. மருந்து ரூம்களைக் கிழக்கு மேட்டுக்கு மாற்றினார்கள்.

வெம்பக்கோட்டைப் பக்கம் வாங்கப்போகும் நிலத்தையும் சகலையே அளக்கட்டும் என்று முதலாளி சொல்லிவிட்டார். "சர்வேயரே, நீங்களும் கூடப் போங்க. ரெண்டு பேரு பாத்தா நல்லதுதான" என்று எனக்கும் ஒரு வார்த்தை.

திரும்பும்போது சகலையின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்தேன். வெம்பக்கோட்டையில் எந்தக் கல்லைப் பிடிக்கலாம், எத்தனை கல்லைச் சரிபார்க்கலாம் என்று அவர் பேசிக்கொண்டே ஓட்டினார். ட்ரோனை நானும் என்றாவது வாங்கிவிடலாம், படித்துக்கொள்ளலாம். 'நான் தப்புப் பண்ணிட்டேன்' என்று அவர் போனில் சொன்னாரே, எச்சில் விழுங்காமல், குரல் இறங்காமல், அது என் வாயில் இந்த வயதுக்கு மேல் வராது. அந்தத் தப்பில் பாதி என்னுடையது. அதை அவர் முதலாளியிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர்மேல் கோபமாவது பட்டிருப்பேன்.