சாவியை எடுத்த பிறகும்

எங்கள் ஊரில் இன்ஜின் வேலை பார்த்த வண்டியை முதலில் மலை சுற்ற விடுவார்கள். பக்தி பாதி, வசதி பாதி. பிஸ்டனுக்குப் புதிதாக ரிங் போட்ட இன்ஜினைக் கொஞ்ச தூரம் ஒரே சீராக, அவசரப்படுத்தாமல் ஓட்டிப் பழக்க வேண்டும். அதற்குக் கிரிவலப் பாதையைவிட நல்ல சாலை சுற்றுவட்டாரத்தில் கிடையாது. பௌர்ணமி இல்லாத நாட்களில் கூட்டமும் இருக்காது. அதனால் ஷெட்டுக்காரர்களே வண்டியை ஒப்படைக்கும்போது, "ஒரு சுத்து சுத்திட்டு வாங்க, ரிங் செட் ஆயிடும்" என்பார்கள். வண்டி நன்றாக ஓடினால் மெக்கானிக்குக்குப் பெயர். ஓடாவிட்டாலும் மலை சுற்றிய புண்ணியம் நமக்கு.

தொண்ணூறுகளின் நடுவில் என்னிடம் ஒரு பழைய டீசல் வேன் இருந்தது. ஆசிரமத்துப் பக்கம் அறை எடுத்துத் தங்கும் வெள்ளைக்காரர்களைச் சென்னை விமான நிலையத்தில் கொண்டுபோய் விடுவேன். மற்ற நாட்களில் கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்துக் கல்யாணம், காதுகுத்து, சில சமயம் வேர்க்கடலை மூட்டை. அந்த வேன்தான் எங்களுக்குச் சோறு போட்டது. அது கரும்புகை கக்க ஆரம்பித்ததும், பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருக்கும் பெரிய ஷெட்டில் விடலாம் என்றேன். என் மனைவி ஒத்துக்கொள்ளவில்லை.

"என் தம்பி இருக்கும்போது எவன்கிட்டயோ எதுக்குக் குடுக்கணும்?"

'என் தம்பி' என்று சொல்லும்போது அவள் குரல் ஒரு படி மேலே ஏறும். மாமனார் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டதால், அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள்தான். அவன் பத்தாவது தோற்றபோது கேள்வித்தாள் மோசம் என்றாள். ஜவுளிக்கடை வேலையை விட்டபோது முதலாளி மோசம் என்றாள். சென்னையில் ஏதோ ஒரு ஷெட்டில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு, கையில் ஒரு ஸ்பானர் பெட்டியோடு அவன் திரும்பி வந்தபோது, என் தம்பி மெக்கானிக் என்று தெருவுக்கே சொன்னாள். கொஞ்ச காலம் என்றால் எவ்வளவு காலம் என்று கேட்டேன். "கேள்வி கேக்கற நேரத்துல வண்டியைக் குடுங்க" என்றாள்.

கொடுத்தேன். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதை அன்றைக்கே ஆரம்பித்துவிட்டது.

என் மச்சான் கெட்டவன் இல்லை. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். சிரித்த முகம். கூப்பிட்ட குரலுக்கு வந்து நிற்பான். வேலையையும் ஆசையாகத்தான் செய்தான். வீட்டுக்குப் பக்கத்துக் காலி மனையில் இன்ஜினை இறக்கி, சாக்கு விரித்து, கழற்றியதையெல்லாம் பரப்பி வைத்திருந்தான். எதை எங்கிருந்து எடுத்தான் என்று ஞாபகம் இருக்குமா என்று கேட்டேன்.

"எல்லாம் மனசுல இருக்கு மாமா" என்றான்.

திரும்பப் பூட்டி முடித்தபோது ஒரு தட்டில் நாலைந்து போல்ட்டும் ஒரு வளையமும் மிச்சம் இருந்தன.

"இது என்னா மச்சான்?"

"கம்பெனில ஜாஸ்தியா வச்சி அனுப்புவாங்க மாமா. அது இல்லாமலே ஓடும்."

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் கொடியில் காய்ந்த துணியைப் பார்த்தாள்.

ஆயில் ஊற்றும்போதும் நான் பக்கத்தில்தான் நின்றேன். அளவு பார்க்கும் கம்பியில் கோட்டைத் தாண்டி நல்ல உயரத்துக்கு ஆயில் நின்றது. சொன்னேன். "அக்கா வண்டிக்குப் போயி அளவு பாப்பாங்களா? இருக்கட்டும் மாமா, தாராளமா ஓடட்டும்" என்று டப்பாவில் மிச்சமிருந்ததையும் கவிழ்த்தான். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சொந்தக்காரர் இலையில் இன்னொரு கரண்டி நெய் விடுவது போல, பிரியத்தோடுதான் ஊற்றினான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ராஜகோபுரத்துக்கு எதிரே கற்பூரம் காட்டி, எலுமிச்சம்பழத்தை நசுக்கிப் புறப்பட்டோம். நான் ஓட்ட, பக்கத்து சீட்டில் மடியில் புளிசாதத் தூக்கோடு மனைவி. பின் சீட்டில் மாமியார். அவருக்கும் கதவுக்கும் நடுவில் மச்சான். மாமியாருக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டிருந்தன. வேனில் ஏற வேண்டுமென்றால் ஒருவர் மேலே நின்று இழுக்க வேண்டும், ஒருவர் கீழே நின்று தாங்க வேண்டும். இறங்குவதற்கும் அதே ஏற்பாடு. வாய்க்கு மட்டும் எந்தக் குறையும் இல்லை. "என் புள்ள கட்டின இன்ஜின்ல நான் உக்காராம வேற எவ உக்காருவா" என்று வந்து ஏறினார்.

செங்கம் சாலையில் போகும்போதே எனக்குச் சரியாகப் படவில்லை. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்த பிறகும் வண்டி ஒரு கணம் தானாக முந்தியது. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் நீலப் புகை. ஆசிரமம் தாண்டியதும் ஓரமாக நிறுத்தினேன்.

"ஏதோ சரியில்ல. திரும்பிடலாம்."

"மலையைச் சுத்தக் கெளம்பிட்டு பாதியில திரும்புவாங்களா மாப்ள?" என்றார் மாமியார்.

"புது ரிங்குன்னா கொஞ்சம் பொகையும்னு என் தம்பி அப்பவே சொன்னானே" என்றாள் மனைவி.

நான் வேறு எந்த ஊரில் பிறந்திருந்தாலும் வண்டியைத் திருப்பியிருப்பேன். ஆனால் வலமாகச் சுற்றக் கிளம்பிவிட்டு இடமாகத் திரும்புவதற்கு இந்த ஊர்க்காரனுக்குக் கை வராது. முன்னால் போனாலும் வீடு, பின்னால் போனாலும் வீடு, முன்னால் போனால் தூரம்தான் கொஞ்சம் ஜாஸ்தி என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டு கியரைப் போட்டேன்.

அடி அண்ணாமலையை நெருங்கும்போது இன்ஜின் திடீரென்று கத்தத் தொடங்கியது. காலை எடுத்தேன். சத்தம் ஏறியது. கிளட்சை மிதித்து, பிரேக்கை மிதித்து, ஒரு வேப்பமரத்தடியில் கொண்டுபோய் நிறுத்தி நியூட்ரலுக்குத் தள்ளினேன். சத்தம் இன்னும் ஏறியது. சாவியைத் திருப்பி உருவினேன்.

நிற்கவில்லை.

சாவி என் கையில் இருக்கிறது, எங்கள் சீட்டுக்கு அடியில் இன்ஜின் ஊளையிடுகிறது. எத்தனையோ வருடம் வண்டி ஓட்டியவன், சாவியை எடுத்தால் வண்டி நிற்கும் என்பதைச் சூரியன் கிழக்கே உதிக்கும் என்பதைப் போல நம்பியிருந்தவன். எனக்கு மூளை வேலை செய்யவில்லை. சாவியை மறுபடி உள்ளே போட்டு மறுபடி உருவினேன். கண்ணாடிகள் நடுங்கின. வெள்ளைப் புகை வண்டிக்குள்ளேயே புகுந்துவிட்டது. பின்னாலிருந்து மச்சானின் குரல், "வெடிக்கப் போவுது" என்றது. அடுத்து கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

நான் ஒரு பக்கம் குதித்தேன், மனைவி மறுபக்கம் குதித்தாள். தூக்கு உருண்டு புளிசாதம் சாலையில் கொட்டியது. சுற்றிக்கொண்டு பின் கதவுக்கு ஓடினேன். மாமியார் முன் சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்தபடி அங்கேயே உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் யாரும் இல்லை. கதவுக்குக் கீழே ஒற்றைச் செருப்பு கிடந்தது. சாலையில், நாங்கள் போக வேண்டிய திசையில், வெகுதூரத்தில் மச்சான் ஓடிக்கொண்டிருந்தான்.

மாமியாரை எப்படி இறக்கினோம் என்று இன்றைக்கும் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது. மனைவி உள்ளே ஏறித் தள்ளினாள். நான் திரும்பி நின்று முதுகில் வாங்கிக்கொண்டேன். சாலைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டு நிமிர்ந்தபோது, வேன் உச்சக் குரலில் ஒரு கத்துக் கத்தியது. உள்ளே இரும்போடு இரும்பு மோதியது. பட்டென்று நின்றுவிட்டது. வெடிக்கவில்லை. டீக்கடையிலிருந்து வாளித் தண்ணீரோடு ஓடி வந்த இரண்டு பேர், ஊற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார்கள்.

என் மனைவி வேனைப் பார்க்கவில்லை. தம்பி ஓடிய சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவன் பாக்கல" என்றாள். யாரும் அவளை ஒன்றும் கேட்டிருக்கவில்லை. "அம்மா எறங்கிட்டாங்கன்னு நெனைச்சிருப்பான். அந்தப் பொகையில என்னா தெரியும்?"

"ஆமா. புள்ள பாக்கல" என்றார் மாமியார்.

அவர் இறங்கியிருந்தால் அவனைத் தாண்டித்தான் இறங்கியிருக்க வேண்டும். எனக்கு அப்போது வந்த கோபத்தில் வேன் ஞாபகமே இல்லை. பெற்ற தாயை விட்டுவிட்டு ஒருவன் ஓடுவான் என்பதை என் கண்ணால் பார்த்தும் என்னால் நம்ப முடியவில்லை.

ஒரு ஆட்டோ பிடித்து இரண்டு பேரையும் வீட்டுக்கு அனுப்பினேன். வழி நெடுக மனைவி இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்துக்கொண்டே போனாளாம். மண்டபம், குளத்தங்கரை எங்கேயும் அவனைக் காணவில்லை. ஆட்டோ சத்தம் கேட்டு எங்காவது ஒதுங்கியிருக்க வேண்டும்.

நான் வேனை டிராக்டரில் கட்டி இழுத்துக்கொண்டு பெரிய ஷெட்டுக்குப் போனேன். அங்கே இருந்த மெக்கானிக் பாய், இன்ஜினுக்குள் காற்று போகும் குழாயைக் கழற்றினார். உள்ளேயிருந்து ஆயில் வடிந்தது.

"ஆயில் ஜாஸ்தியாகி, காத்தோட சேர்ந்து உள்ள போயிருக்கு. சாவி டீசலைத்தாங்க நிறுத்தும். இது தன் ஆயிலையே குடிச்சிட்டு ஓடியிருக்கு" என்றார். "யாருங்க வேலை பாத்தது?"

"சொந்தக்காரங்க" என்றேன். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பார்கள். அரை மெக்கானிக்கின் கணக்கில் அன்றைக்கு நாங்கள் மூன்று பேர் சேர்ந்திருக்க வேண்டியது.

வீட்டுக்கு வந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. மனைவி சாப்பிடாமல் இருந்தாள். தம்பி பசியோடு வருவான் என்று மறுபடி உலை வைத்துச் சோறு வடித்திருந்தாள். விசாரிக்க வந்த அக்கம்பக்கத்தாரிடமெல்லாம் அவன் பார்க்கவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மதியம் வரை புகையில் தெரியவில்லை என்று இருந்தது, சாயங்காலத்துக்குள் ஆள் கூப்பிடத்தான் ஓடினான் என்று வளர்ந்திருந்தது. மாமியாரும் கட்டிலில் உட்கார்ந்தபடி, "ஆமா, ஆமா" என்று தலையாட்டினார். வேன் என்ன ஆயிற்று என்று மனைவி என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. தம்பி பார்த்தானா இல்லையா, அவளுக்கு அது ஒன்றுதான் கேள்வி. அவன் பார்த்திருந்தால், இடுப்பில் தூக்கி வளர்த்த காலம் முழுவதற்கும் அவளால் பதில் சொல்ல முடியாது.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு அவன் வந்தான். சுற்றின் கடைசியில் வரும் ஈசான்ய லிங்கம் பக்கமிருந்து, வெறுங்காலோடு வந்தான். அவ்வளவு பயத்திலும் வந்த வழியே திரும்பாமல், மிச்சச் சுற்றை நடந்தே முடித்திருந்தான். வாசலில் நின்றவனிடம் என் மனைவி ஒரு சொம்புத் தண்ணீரை நீட்டினாள்.

"நீ பாக்கல இல்லடா? அம்மா எறங்கிட்டாங்கன்னு நெனைச்சிட்ட."

பதிலையும் அவளே சொல்லிக் கொடுத்துவிட்டாள். அவன் தலையை ஆட்டினால் போதும். காலையிலிருந்து அவனை அடிக்கக் கை துடித்துக்கொண்டிருந்த நானே, ஆட்டித் தொலையேன்டா என்று மனதுக்குள் கெஞ்சினேன். அவன் சொம்பை வாங்கினான். குடிக்கவில்லை.

"பாத்தேன்க்கா."

"அந்தப் பொகையில—"

"இல்லக்கா. அம்மாவைப் பாத்துட்டுதான் ஓடினேன்."

உள்ளே கட்டிலிலிருந்து மாமியாரின் குரல் வந்தது.

"எனக்குத் தெரியும்டா. என் கண்ணைப் பாத்துட்டுதானே குதிச்ச. கை கால் கழுவிட்டு வந்து சாப்புடு."

சாவி கையில் இருக்கும்போது இன்ஜின் ஓடிய அந்த நேரத்தில்கூட நான் இப்படி அதிர்ந்துபோகவில்லை. நாள் முழுவதும் 'புள்ள பாக்கல' என்று மகளோடு சேர்ந்து சொல்லிக்கொண்டிருந்தவர் அவர்.

மனைவி சோறு போட்டாள். அம்மா சொன்னதற்காகப் போட்டாள். குழம்பு ஊற்றினாள். இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்று கேட்கவில்லை. அவன் தலை நிமிராமல் சாப்பிட்டு எழுந்தான்.

மறுநாள் காலையில் காப்பியை வைத்துவிட்டு, அவள் முதல்முறையாக வேனைப் பற்றிக் கேட்டாள்.

"உங்க மச்சான் எந்த அளவுக்குக் கெடுத்து வச்சிருக்கான்?"

பாய் இன்ஜினைச் சரி செய்து கொடுத்தார். அதற்குப் பிறகும் அந்த வேன் பல வருடம் ஓடியது. மச்சான் ஸ்பானரைத் தொடவில்லை. கீழ்பென்னாத்தூரில் ஒரு அரிசி மண்டியில் சேர்ந்து அங்கேயே நிலைத்துவிட்டான். இரண்டாயிரம் பிறந்து சில வருடத்தில் மாமியார் படுத்த படுக்கையானபோது, ஆஸ்பத்திரியில் அவரைத் தூக்கி உட்கார வைத்தது, துடைத்து விட்டது, பாத்ரூமுக்குச் சுமந்து போனது எல்லாம் அவன்தான். ஒரு இரவுகூட வீட்டுக்குப் போகவில்லை. ஒரு நாள் நர்ஸம்மா என் மனைவியிடம், "இவ்ளோ நல்லா பாத்துக்கறாரே, இவரு யாருங்க?" என்று கேட்டார்.

"எங்க வீட்டுக்காரரோட மச்சான்" என்றாள் என் மனைவி.

அவன் அம்மாவின் தலைமாட்டில்தான் நின்றுகொண்டிருந்தான். தலையணையைச் சரி செய்துகொண்டே இருந்தான்.