நான்கு பால் பொத்தான்கள்

என் சவரப் பெட்டியில், பல் போன சீப்புக்கும் துருப்பிடித்த பிளேடுக்கும் நடுவே, நான்கு பொத்தான்கள் கிடக்கின்றன. பழந்தந்தம் போல மங்கிய மஞ்சள். சாரல் இறங்கும் ஒவ்வோர் ஆனியிலும் அவற்றை எடுத்து நகத்தால் அழுத்திப் பார்க்கிறேன். பள்ளம் விழுந்துவிட்டால் எனக்கு நிம்மதியாக இருக்கும்.

யுத்த காலத்தில் கடைகளில் பொத்தான் கிடைக்கவில்லை. என் அக்காவின் கணவர், நான் அத்தான் என்று அழைத்தவர், தென்காசியில் ரசாயன வாத்தியார். வெண்ணெய் எடுத்த பாலை வினிகர் விட்டுத் திரியவைத்து, பிழிந்து, அம்மிக் குழவிக்கடியில் அழுத்தி, வட்டமாக நறுக்கி, பள்ளிக்கூடத்துச் செத்த தவளைகள் கெடாமலிருக்கும் பார்மலினில் ஊறப்போட்டார். பாலின் புரதம் அதில் கொம்பு மாதிரி இறுகும் என்பது அவர் வாக்கு. முதல் ஈடு இறுகவில்லை. அதைத் தைத்துக்கொண்டு குற்றாலச் சாரலில் நனைந்து திரும்பியபோது அவருடைய சட்டைப் பொத்தான்கள் இட்லியாக உப்பியிருந்தன. அக்கா விடுவாளா? “ஏலே, வீட்டுல மோர் கிடையாது. உங்க அத்தான் சட்டையத் தாளிச்சுத் தாரேன், சோத்துல ஊத்திக்கோ.”

இரண்டாவது ஈடு வாரக்கணக்கில் ஊறியது. அதற்குள், பட்டாள உடுப்புக்குச் சாமான் வாங்கும் அதிகாரி ஒருவர் சீசனுக்குக் குற்றாலம் வந்திருந்தார். அத்தான் அவரிடம் பொத்தான்களைக் கொண்டுபோய்க் காட்டினார். கால்சட்டையில் தைத்துப் போட்டுக்கொண்டு அரைமணி நேரம் அருவிச் சாரலில் நில்லுங்கள், தாங்கினால் ஆர்டர் என்றார். ஆர்டர் கிடைத்தால் வேலையை விட்டுவிட்டு ஆய்க்குடிப் பக்கம் பட்டறை போடுவதென்று அத்தான் படமே வரைந்து வைத்திருந்தார். குடும்பத்தில் கால்சட்டை வைத்திருந்தவன் நான் ஒருவன்தான். வக்கீல் குமாஸ்தாவுக்கு அது எதற்கு என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அதில் இடுப்பிலிருந்து கீழே நான்கு பொத்தான்கள் தைக்கப்பட்டன. எந்த இடம் என்று விளக்க வேண்டியதில்லை.

பேரருவிக்கு முன்னால் நின்றேன். கடையத்திலிருந்து வந்த பெண்கள் கூட்டமொன்று எதிரே தலை துவட்டிக்கொண்டிருந்தது. சாரல் அடித்தது. எனக்கு இட்லி ஞாபகம் வந்தது. இரண்டு கைகளும் தாமாகவே இடுப்புக்குப் போயின.

“கைய எடும் மாப்ளே” என்றார் அத்தான், பல்லைக் கடித்துக்கொண்டு.

“எடுத்தா விழுந்திரும் அத்தான்.”

“விழாதுய்யா. என்னை நம்பும்.”

“உங்கள நம்புதேன். பொத்தானத்தான் நம்பல.”

அரைமணி கழிந்தது. அதிகாரி அருகில் வந்து என் கைகளைப் பார்த்தார். “மாட்டியிருக்கிறவருக்கே நம்பிக்கை இல்லையே வாத்தியாரே. பட்டாளம் பூரா இப்படிப் பிடிச்சுட்டு நின்னா, துப்பாக்கிய யாரு பிடிப்பா?” என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

வீட்டுக்கு வந்து கால்சட்டையைக் கழற்றிக் கொடுத்தேன். ஒன்றுகூட உப்பவில்லை. அத்தான் நான்கையும் நகத்தால் அழுத்திப் பார்த்தார். நூலை வெட்டி என் உள்ளங்கையில் வைத்தார். மறுநாள் பள்ளிக்கூடம் போனார். ஓய்வு பெறும்வரை போய்க்கொண்டிருந்தார். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் நானும் மறந்திருப்பேன்.

இப்போது எங்கும் பிளாஸ்டிக். சட்டை மக்கிய பிறகும் எருக்குழியில் பொத்தான் மட்டும் பல்லிளிக்கிறது. அத்தானும் போய்ச் சேர்ந்துவிட்டார். இந்த ஆனியிலும் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தேன். மடங்கியது என் நகம்தான்.