இறாலைப் பற்றி மட்டும் பேசாதே

எனக்கு ஏடிஹெச்டி என்கிற கவனச்சிதறல் இருக்கிறது என்று சென்னையில் ஒரு டாக்டர் சொன்னபோது, அம்மா அதை ஒரே வரியில் மறுத்துவிட்டாள். "அதெல்லாம் ஒரு மண்ணும் கெடையாது. இவன் பொறந்ததுல இருந்தே இப்டித்தான்." டாக்டரும் அதையேதான் சொல்கிறார் என்று அம்மாவுக்கு விளக்க எனக்குப் பொறுமை இல்லை. பொறுமை இருந்திருந்தால் டாக்டரிடமே போயிருக்க மாட்டேன்.

குடும்பத்தில் வேறு யாராவது இப்படி உண்டா என்று டாக்டர் கேட்டார். நான்தான் ஆள் கிடைத்தால் கதை விடுகிறவனாயிற்றே. அக்காவைப் பெண் பார்க்க வந்த கதையை எடுத்துவிட்டேன். சொந்தக்காரர்கள் வீட்டுக் காதுகுத்துகளில் சாப்பாடு முடிந்த கையோடு என்னிடம் கேட்டு வாங்கும் கதை அது. அத்தை குரல், மாப்பிள்ளையின் அம்மா குரல் எல்லாம் வைத்து நடித்தே காட்டுவேன். அன்றைக்கும் காட்டினேன். டாக்டர் சிரிக்கவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "உங்க அக்காவ ஒரு தடவை கூட்டிட்டு வர முடியுமா?" என்றார்.

அக்கா வந்தாள். ஆட்டிசம், கூடவே ஏடிஹெச்டியும் என்றார்கள். அக்காவுக்கு அப்போது நாற்பது நெருங்கிக்கொண்டிருந்தது.

அம்மா இதையும் மறுத்தாள். "அவளுக்கு இன்னாடா கொறச்சலு? பொட்டப் புள்ளயா லட்சணமா அடங்கி இருந்தா. ஆட்டம் போட்டவன் நீ."

எனக்குக் கோபம் வந்தால் ஐந்து நிமிஷத்தில் எதற்கு வந்தது என்று மறந்துபோகும். இந்தக் கோபம் மட்டும் இன்னும் போகவில்லை. அம்மா மேல் அல்ல, அந்த 'லட்சணமா' மேல்.

கருங்குழியிலிருந்து உள்ளே தள்ளி எங்கள் ஊர். அப்பா கல்பாக்கத்தில் கான்ட்ராக்ட் வெல்டர். அக்காவுக்குப் பின் பல வருஷம் கழித்து, யாரும் எதிர்பாராத நேரத்தில் நான் பிறந்தேன். பிறகும் யாரும் எதிர்பாராத நேரத்தில்தான் எல்லாம் செய்தேன். பள்ளிக்கூடத்தில் பெஞ்சின் மேல் இருந்ததைவிடப் பெஞ்சுக்கு அடியில் இருந்ததுதான் அதிகம். கைக்கு எட்டியதைக் கழற்றுவேன், திரும்ப மாட்டத் தெரியாது. சைக்கிள் பெல், ரேடியோ, ஒருமுறை அத்தையின் பல்செட். இதற்கெல்லாம் எனக்குக் கிடைத்த பெயர் 'சுட்டி'.

அக்கா யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்க மாட்டாள். விருந்தாளி வந்தால் உள்ளறைக்குப் போய்விடுவாள். சுடிதாரின் தையல் உறுத்துகிறது என்று வீட்டில் அதை உள்பக்கம் வெளியே தெரியப் போட்டுக்கொள்வாள். குக்கர் விசிலடித்தால் காதைப் பொத்திக்கொள்வாள். பார்த்தவர்கள் எல்லாம் "எவ்ளோ அடக்கமான பொண்ணு!" என்றார்கள். அடுப்பில் பால் வைத்தால் மட்டும் அது பொங்கி வழிந்து அடுப்பு அணைந்த பிறகுதான் அவளுக்கு நினைவு வரும். அப்போது அத்தை கத்துவாள்: "எவன நெனச்சுகினு கீறடி?" பையனுக்குக் கவனம் சிதறினால் சுட்டி. பெண்ணுக்குக் கவனம் சிதறினால் நடுவில் ஒருவன் இருந்தே ஆகவேண்டும். இதுதான் எங்கள் ஊர் வைத்தியம்.

விலங்கியல் படித்து முடித்த அக்காவுக்கு மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரத்தில் ஒரு இறால் ஹேச்சரியில் வேலை கிடைத்தது. கடலிலிருந்து பிடித்துவந்த தாய் இறாலைத் தொட்டியில் விட்டு, முட்டையிட வைத்து, குஞ்சுகளைப் பண்ணைகளுக்கு விற்கும் இடம். மங்கலான வெளிச்சம், தொட்டிகளில் காற்றுக் குமிழ் வருகிற சத்தம், அதிகம் பேசாத ஆட்கள். அக்காவுக்காகவே யாரோ பார்த்துப் பார்த்துக் கட்டிய மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்ததும் இறாலைப் பற்றி ஆரம்பிப்பாள். சாப்பிடும்போதும் அதுதான், துணி மடிக்கும்போதும் அதுதான். கேட்க நான் ஒருவன் இருந்தேன், ஜன்னல் கம்பியில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது படூரிலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளைக்கு ஒரு காலேஜில் ஆபீஸ் வேலை, சொந்த வீடு. அக்கா முதலில் முடியாது என்றாள். கல்யாணத்துக்குப் பிறகும் ஹேச்சரிக்குப் போகலாமா என்று அவளே அவர்களிடம் கேட்கட்டும், சரி என்றால்தான் மேலே பேச்சு என்று அப்பா வாக்குக் கொடுத்தார். அதன் பேரில்தான் அக்கா ஒப்புக்கொண்டாள். படூரிலிருந்து கேளம்பாக்கம், அங்கிருந்து கோவளம், பிறகு ஈசிஆர் பஸ் என்று வழியைக்கூட யோசித்து வைத்துவிட்டாள். கல்யாணத்தைப் பற்றி அவள் யோசித்தது அவ்வளவுதான்.

ஒத்திகைப் பொறுப்பை அத்தை எடுத்துக்கொண்டாள். நாற்காலியில் மாமியாராக உட்கார்ந்து காபித் தட்டை வாங்கி வாங்கி வைத்தாள். "கைய ஆட்டாத. பொடவைய உருட்டாத. கேட்டதுக்குப் பதில் சொல்லு, போதும். எறாவப் பத்தி மட்டும் வாயத் தொறந்த, அப்பறம் கீது உனக்கு!" தலையைக் குனிந்துகொண்டே இருப்பதற்கு மட்டும் ஒத்திகை தேவைப்படவில்லை. அத்தைக்கு அதில் ரொம்பப் பெருமை.

என்னை யாரும் ஒத்திகை பார்க்கவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்காவுக்கு ஜரிகை போட்ட பட்டுப்புடவை கட்டினார்கள். கழுத்தோரம் சிவந்துபோய்ச் சொறிந்துகொண்டே இருந்தாள். தலையில் வைத்த மல்லிகையை எடுத்து எடுத்துக் கட்டிலில் வைத்தாள். வாசனை மண்டைக்குள் குத்துகிறது என்றாள். "எல்லாருக்குந்தான் குத்துது, பொறுத்துக்கோ" என்று அத்தை ஹேர்பின்னால் குத்தி உறுதிப்படுத்தினாள்.

மாப்பிள்ளை வீட்டார் டாடா சுமோவில் வந்தார்கள். பெரியவர்கள் உள்ளே போனதும் நான் வண்டியின் மேலே ஏறினேன். பிறகு உள்ளே புகுந்து ஹாரன் அடித்தேன். பிறகு எப்படி என்று இன்றுவரை தெரியவில்லை, முன் கண்ணாடி வைப்பர் ஒன்று என் கையோடு வந்துவிட்டது. அதை வீட்டுக்குள் எடுத்துப்போய் நடுக்கூடத்தில் காட்டியும் விட்டேன். அம்மாவுக்கு முகம் வெளிறியது. மாப்பிள்ளையின் மாமா என் காதைப் பிடித்து ஆட்டிச் சிரித்தார். "ஆம்பளப் புள்ளன்னா இப்டித்தான் துறுதுறுன்னு இருக்கணும். இன்னா நைனா, இன்ஜினியர் ஆவியா?" என்று தன் தட்டிலிருந்த லட்டை எடுத்து என் வாயில் திணித்தார். ஊரான் வீட்டு வண்டியை உடைத்ததற்கு லட்டு. இன்ஜினியர் ஆகவில்லை. அந்த வைப்பரைத் திரும்ப மாட்டவும் என்னால் முடியவில்லை.

அக்கா காபி கொண்டுவந்தாள். யார் முகத்தையும் பார்க்கவில்லை. மாப்பிள்ளை குனிந்து, சாய்ந்து, தொண்டையைக் கனைத்து எல்லாம் பார்த்தார். அக்கா தட்டைத்தான் பார்த்தாள்.

"நிமுந்து பாக்குதா பாரேன்!" என்று மாப்பிள்ளையின் அம்மா பூரித்துப்போனார். "இந்தக் காலத்துல இப்டி ஒரு பொண்ணா?" அக்காவின் விரல்கள் புடவைத் தலைப்பை உருட்ட ஆரம்பித்தன. அதை வெட்கம் என்றார்கள். அவளுக்கு மூச்சு முட்டிக்கொண்டிருந்தது. அதையும் வெட்கம் என்றார்கள்.

அப்பா தலையசைத்ததும் அக்கா தன் கேள்வியை ஒரே மூச்சில் கேட்டுவிட்டாள். "கல்யாணத்துக்கு அப்பறமும் நான் ஹேச்சரிக்கு வேலைக்குப் போவலாமாங்க?"

"எறா கம்பெனிதானம்மா அது?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. "அங்க பொம்பளப் புள்ளைக்கு இன்னா வேல? உரிக்கிறதா?"

கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும். இறாலைப் பற்றிப் பேசக் கூடாது. கேட்டதோ இறாலைப் பற்றி. அத்தையின் ஒத்திகையில் இந்தக் கட்டம் வரவே இல்லை. அக்கா முகத்தை நிமிர்த்தி மின்விசிறியைப் பார்த்தாள். அன்று காலையிலிருந்து அவள் முகத்தில் இல்லாத வெளிச்சம் அப்போது வந்தது.

"உரிக்கிறதில்லைங்க, குஞ்சு பொரிக்க வெக்கிறது. பொட்ட எறா கடல்ல இருந்தா தானா முட்ட போடும். தொட்டியில அடைச்சா போடாதுங்க. அதுக்கு அதோட ஒரு கண்ண எடுத்துடுவாங்க. எடுத்துட்டா கொஞ்ச நாள்ல முட்ட வெச்சுடும்."

"கண்ணையா?"

"ஒரு கண்ணு மட்டுந்தாங்க. வெளிய நீட்டிகினு இருக்கும்ல, அந்தக் காம்போட கிள்ளிடுவாங்க. ஆம்பள எறாக்கு எடுக்க மாட்டாங்க, அதுக்குத் தேவையில்ல."

மிக்சர் மெல்லுகிற சத்தம் நின்றுபோனது. மாமா அடுத்த லட்டைத் தட்டிலேயே வைத்துவிட்டார். அவ்வளவு பேர் வாயை மூடிக்கொண்டு தான் சொல்வதைக் கேட்பது அக்காவுக்கு வாழ்க்கையிலேயே முதல்முறை. ஆர்வமாகக் கேட்கிறார்கள் என்று நினைத்து அவள் மேலே போனாள். "நான் கண்ணு எடுக்க மாட்டேன்னு மேனேஜர் கிட்ட சொல்ட்டேங்க. வேற ஆளு எடுப்பாங்க. எடுத்ததுக்கு அப்பறம் அதுங்கள நான் பாத்துக்குவேன்."

அத்தை சத்தமாகச் சிரித்தாள். "பொண்ணுக்குக் கொஞ்சம் தமாசு ஜாஸ்தி!"

"தமாசு இல்ல அத்த, நெசந்தான்."

மாப்பிள்ளையின் அம்மா சுதாரித்துக்கொண்டார். அக்காவின் கையைப் பிடித்து, "வேலைக்குத்தான கண்ணு? தாராளமாப் போ. யாரு வேணான்னது? நம்ம வூட்ல அந்த மாரி கட்டுப்பாடெல்லாம் கெடையாது" என்றார். எல்லாத் தலைகளும் ஆடின. மிக்சர் சத்தம் மறுபடி கேட்டது.

அவர்கள் கிளம்பி வண்டிக்கருகே வந்ததும் அதே அம்மாள் என் அம்மாவிடம் சொன்னது எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் தெரியவந்தது. "தேதி குறிச்சதும் அந்த வேலைய நிறுத்திடுங்க. இந்தக் கண்ணு, காது பேச்செல்லாம் தன்னால போயிடும். கொஞ்சம் வெள்ளந்திதான். அதுவும் நல்லதுதான், சொன்னபடி கேக்கும்." அம்மா சொன்னாளாம், "அது எங்களுக்குத் தெரியாதாங்க?" என்று. அப்பா பக்கத்தில்தான் நின்றிருந்தார். வாயைத் திறக்கவில்லை.

படூர் வீட்டில் என்ன நடந்தது என்பதை இழுத்துச் சொல்ல எனக்கு மனசில்லை. அக்கா நிமிர்ந்து பார்க்காதது கல்யாணம் வரைக்கும் அடக்கம், பந்தக்கால் பிடுங்கியதும் திமிர். விருந்தாளி வந்தால் உள்ளறைக்குப் போவது முன்பு கூச்சம், இப்போது மரியாதை தெரியாத வளர்ப்பு. பொங்கிய பாலுக்கு அங்கேயும் ஒருவனைத் தேடினார்கள். கடைசியில் அதே சுமோவில் கொண்டுவந்து விட்டார்கள். அதே கூடத்தில் உட்கார்ந்து, "இப்டிப்பட்ட பொண்ணுன்னு மறைச்சுட்டீங்களே" என்றார்கள். எதை மறைத்தோம்? அன்றைக்கு அவள் எப்படி நின்றாளோ அப்படியேதான் அங்கேயும் நின்றாள். ஒரு துளி மாறவில்லை. பார்த்துப் பிடித்துப்போய், தட்டு மாற்றி எடுத்துப்போனதை எல்லாம் அவர்களே ஒவ்வொன்றாகக் குற்றமாகப் படித்தார்கள். எங்கள் ஆட்களும் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு கேட்டார்கள். அக்கா மறுபடி ஒரு வேலைக்குப் போவதற்குள் வருஷங்கள் ஓடிவிட்டன.

பெண்கள் சின்ன வயதிலிருந்தே இதையெல்லாம் மறைக்கப் பழகிவிடுவார்கள், அதனால்தான் கண்டுபிடிக்கத் தாமதமாகிறது என்று டாக்டர் விளக்கினார். மற்ற பெண்களுக்கு அது உண்மையாகவே இருக்கட்டும். அக்கா மேஜையைப் பார்த்தபடி, "நான் ஒண்ணும் மறைக்கலையே டாக்டர், எல்லாரு முன்னாடியுந்தான இருந்தேன்" என்றாள். முகம் பார்க்காத பையனை டாக்டரிடம் கூட்டிப்போகிறோம். முகம் பார்க்காத பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறோம். இதைச் சொன்னால் அம்மா, "உனக்கு வாய் ஜாஸ்தி" என்கிறாள். வாயாவது இருக்கிறதே என்று சந்தோஷப்பட வேண்டியதுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்தோடு முடித்துக்கொள்கிறேன்.

வண்டி போனதும் அத்தை அக்காவை உள்ளே இழுத்துப்போய்க் கையில் கிள்ளினாள். "கண்ணப் புடுங்குற கதையாடி சொல்லுவ?" அக்கா, "அவுங்கதான கேட்டாங்கோ?" என்றாள். அதற்கு இன்னொரு கிள்ளு.

பொழுது சாய்கிற நேரத்தில் போன் வந்தது. பெண்ணைப் பிடித்திருக்கிறதாம். வீடு குதூகலமாகிவிட்டது. கிள்ளிய அத்தையே கண் கலங்கி அக்காவுக்குத் திருஷ்டி கழித்தாள். நான் கொல்லைப்பக்கம் ஓடினேன். அக்கா பட்டுப்புடவையை அவிழ்த்துப் போட்டுவிட்டுச் சுடிதாரை உள்பக்கம் வெளியே தெரிய மாட்டிக்கொண்டு, கழுத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஓகேவாம்! நீ வேலைக்குப் போவலாம்!"

"ஆமாண்டா, அவுங்களே சொன்னாங்கோல்ல? தாராளமாப் போன்னு!"

ரொம்பச் சந்தோஷம் வந்தால் அக்கா இரண்டு கைகளையும் மணிக்கட்டிலிருந்து உதறுவாள், நனைந்த குருவி இறக்கையை உதறுகிற மாதிரி. அன்றைக்கு உதறினாள். நானும் உதறினேன். உதறிக்கொண்டே இரண்டு பேரும் கூடத்துக்கு வந்து குதித்தோம். "வேலைக்குப் போலாம், வேலைக்குப் போலாம்" என்று நான் பாட்டாகவே எடுத்துவிட்டேன். எங்களைப் பார்த்து அத்தை சிரித்தாள், அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள், பக்கத்து வீட்டுக்காரர்கள் சிரித்தார்கள். எங்கள் சந்தோஷம் எல்லோரையும் தொற்றிக்கொண்டது என்று நினைத்து இன்னும் உயரமாகக் குதித்தேன்.

அப்பா மட்டும் சிரிக்கவில்லை. எங்கள் இருவரையும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு, யாரிடமும் எதுவும் சொல்லாமல் படியிறங்கித் தெருவில் வேகமாக நடந்தார். ஸ்வீட் வாங்கத்தான் போகிறார் என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது. வாசல் வரை ஓடிப்போய், "ப்பா, எனக்கு ஜாங்கிரி!" என்று கத்தினேன். அவர் திரும்பவில்லை. காதில் விழவில்லை போலிருக்கிறது என்று இன்னும் சத்தமாகக் கத்தினேன்.