மஞ்சள் பொட்டலங்களும் ஒரு வாளித் தண்ணீரும்

அன்புப் பிள்ளைகளே, உங்கள் அத்தை, என் அக்கா, நம்மை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. அவர் அப்படி என்னதான் ஆராய்ந்தார் என்று உறவுக்காரர்கள் இன்றும் கேட்கிறார்கள். நான் எட்டாவதோடு அச்சகத்துக்குப் போனவன். அவர் எனக்கு விளங்கச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

அத்தை அச்சங்குளத்தில் பிறந்தவர். தாத்தா மானாவாரிக் காட்டு வேலையை விட்டுப் பட்டாசுக் கம்பெனிக்குப் போன பிறகுதான் அவர் படிப்புக்கு வழி பிறந்தது. விருதுநகரில் தாவரவியல் படித்து, கல்லூரி ஆசிரியை ஆனார். எதையும் லேசில் நம்ப மாட்டார். மிளகாய் வற்றல் வாங்கினாலும் மூட்டையின் அடியில் கைவிட்டுப் பார்ப்பார். செடியிலும் அப்படித்தான். மலையில் பூக்கும் காட்டுப்பூவரசு எரிக்கேசியே என்ற குடும்பமாம். பூவையும் இலையையும் மட்டும் பார்த்துக் குடும்பம் சொல்லக் கூடாது, மகரந்தத்தையும் பார்க்க வேண்டும் என்பார். அந்தக் குடும்பத்தில் பெரும்பாலும் நான்கு துகள்கள் பிரியாமல் ஒன்றாக ஒட்டியிருக்குமாம்.

தெருவுக்குச் செல்போன் வந்த புதிதில், கொடைக்கானல் மலையிலிருந்து அந்த மகரந்தத் தூளைப் பொட்டலம் பொட்டலமாகக் கொண்டுவந்து, கதவைச் சாத்திக் காயவைத்திருந்தார். மூடிய அறை, மஞ்சள் பொடி. பட்டாசு செய்யும் நம் ஊரில் இது போதாதா? திருட்டுத்தனமாக வெடிமருந்து வைத்திருக்கிறார் என்று பேச்சு கிளம்பிவிட்டது. எதிர்வீட்டுத் தாயம்மாள் வாளித் தண்ணீரோடு வந்து நின்றார். தெரியாத பொடியைக் கண்டால் முதலில் தண்ணீர், பிறகுதான் கேள்வி; இங்கே அதுதான் வழக்கம்.

"டீச்சர், என்ன பொடி அது?"

"பூவுல உள்ளது மதினி. காத்துல பறந்துரும்னு சாத்தி வச்சேன்."

"எங்க வீட்டுக்காரரும் கோலப்பொடின்னுதான் சொன்னாரு."

அவர் கணவர் வீட்டிலேயே வெடி கட்டி, அதில் இறந்தவர். தண்ணீர் பட்டால் அத்தையின் வேலை பாழ். இனி மலை பூக்க அடுத்த வருடம் ஆகும்.

"ஊத்துங்க மதினி. பாத்துட்டு ஊத்துங்க" என்று மைக்ரோஸ்கோப்பை நகர்த்தினார் அத்தை.

குனிந்து பார்த்தவர், "ஏ ஆத்தே, நாலு நாலா கட்டிப் பிடிச்சிக்கிட்டில்ல இருக்கு!" என்றார்.

"பெறகென்ன, வாளிய எறக்கு. கை கடுக்கப் போவுது" என்றாள் பின்னால் நின்ற ஒருத்தி.

"சும்மா இருடி. ஒண்ணப் பாத்தாப் போதுமா? மத்தத யாரு பாக்க?"

எல்லாப் பொட்டலத்தையும் பார்த்தார். ஒன்றில் மட்டும் துகள்கள் முள்ளோடு தனித்தனியாக இருந்தன. உடனே கை வாளிக்குப் போனது. "இதுல என்னமோ கலந்திருக்கீக!"

"அது நம்ம தெருமுக்குப் பூவரசு மதினி, ஒப்புப் பாக்க வச்சது. பேரு ஒண்ணுபோல இருந்தாலும் குடும்பம் வேற."

"அப்ப பேரச் சொன்னா நம்பக் கூடாதுங்கீக?"

"நான் சொன்னாலும் நம்பாதீக."

அதற்குப் பிறகு வருடந்தோறும், பொட்டலம் வந்ததும் தாயம்மாள் வந்துவிடுவார். மூச்சுக்குச் சிரமப்பட்ட கடைசி மாதங்களில் அத்தைக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தவரும் அவர்தான். அந்தக் கஞ்சியையும் அத்தை கிளறிப் பார்த்துத்தான் குடித்தார்.

மருத்துவம் பார்த்தவர்களுக்கும், தோள் கொடுத்தவர்களுக்கும், கல்லூரியிலிருந்து வந்தவர்களுக்கும் நம் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. தாயம்மாளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். கருமாதியன்று வீடு கழுவும்போது, பொட்டலங்களைச் சாக்கடையில் கொட்டப் போனார்கள் நம் உறவுக்காரர்கள். அவர்தான் வாசலை மறித்தார். "பாக்காம எதையும் விடப்படாது." ஒவ்வொன்றாகப் பார்த்த பிறகே கல்லூரிக்காரர்களிடம் கொடுத்தார்.

கடைசிப் பொட்டலம் கைமாறும்வரை, அவர் காலடியில் ஒரு வாளித் தண்ணீரும் இருந்தது.