எட்டு மைக்கும் ஓர் அறையும்

வீட்டு அறையில் ஒலிப்பதிவு செய்து பிழைப்பவனிடம் யாரும் பாட்டைப் பற்றிக் கேட்பதில்லை, "எத்தினை மைக் போடுவியள்?" என்றுதான் கேட்பார்கள்.

நான் நான்கு வருடமாக "ரண்டு" என்று சொல்லிவந்தேன். சொல்லும்போது குரல் தானாகத் தாழ்ந்துவிடும். என்னைப் போலக் கட்டிலைக் கழற்றி வெளியே போட்டு, சுவரில் பழைய மெத்தையைச் சாத்தி, வாசலில் 'ஸ்டூடியோ' என்று பலகை மாட்டியவர்கள் இதை வாசித்தால், அந்தத் தாழ்ந்த குரல் உங்களுக்கும் தெரிந்திருக்கும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மைக்கில் விழும் சத்தத்தைக் கணினிக்குள் அனுப்ப ஒரு பெட்டி வேண்டும். பெட்டியில் எத்தனை துளையோ அத்தனை மைக். என் பெட்டியில் இரண்டே துளை.

சண்டிலிப்பாயில் எங்கள் வீட்டுக் குசினியை, அதாவது சமையலறையை, ஒட்டிய அறைதான் ஸ்டூடியோ. அந்த அறையில் என் மனைவி சுபாவுக்கு ஒரு கண். அவள் இரசாயனவியல் ஆசிரியை. பள்ளிக்கூடம் விட்டதும் நல்லூரில் ஒரு ரியூசன் கொட்டிலுக்கு ஸ்கூட்டியில் ஓடுவாள். அங்கே படிக்கும் பிள்ளைகளில் பாதிப்பேர் எங்கள் ஊரிலிருந்தே போகிறவர்கள். இவளும் போய், பிள்ளைகளும் போய், பிறகு எல்லாரும் ஒரே வீதியால் திரும்பி வருவார்கள். அறை இருந்தால் இந்த ஊர்வலம் தேவையில்லை. நியாயம் முழுக்க அவள் பக்கம் இருந்தது. எனக்கு அதுதான் பயம்.

ரஞ்சினி ரீச்சரும் மற்றவர்களும்

நத்தார்ப் பாடல்கள், அதாவது கிறிஸ்மஸ் பாடல்கள் பதிய, பக்கத்து ஊர்த் தேவாலயத்துப் பாடகர் குழு வந்தது. பதினெட்டுப் பேர். நடத்தி வந்தவர் ஜெபரத்தினம் மாஸ்டர், மிசன் பள்ளிக்கூடத்தில் படித்தவர். சட்டையின் மேல் பொத்தானைக்கூடக் கழற்றமாட்டார். பதினெட்டுப் பேரையும் அரைவட்டமாக நிறுத்தி, என்னுடைய இரண்டு மைக்கையும் நடுவில் வைத்தேன். அறைக்குள் மூச்சு விடுவதற்கே முறை வைக்க வேண்டியிருந்தது.

பாடினார்கள், கேட்டோம். இரண்டு மைக்குக்கும் கிட்ட நின்றவர் ரஞ்சினி ரீச்சர். இருபது வருடம் வகுப்பறையில் கத்திய தொண்டை அது. அவரைப் பின்வரிசைக்கு அனுப்பினேன். அங்கிருந்தும் அவர் குரல்தான் கேட்டது. வாசலுக்கு வெளியே நிற்கச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. "மாஸ்டர், ஆளுக்கொரு மைக் போடுற வசதி இல்லை" என்று இழுத்தேன். மாஸ்டர் ஹெட்போனைக் கழற்றி, துடைத்து, மேசையில் வைத்தார்.

"தம்பி, இது பாடகர் குழு இல்லை. இது ரஞ்சினி ரீச்சரும் பதினேழு சாட்சியளும்."

கெடு

பாடகர் குழு யாழ்ப்பாணம் டவுனில் எட்டு மைக் போடும் ஓர் இடத்துக்குப் போய்விட்டது. அந்தச் செய்தி எனக்கு முன்பே சுபாவுக்கு எட்டியிருந்தது. ரஞ்சினி ரீச்சர் அவளோடு படிப்பிப்பவர். அந்தக் குரல் எதையும் இரகசியமாகச் சொல்வதில்லை.

சுபா கோபித்திருந்தால் சமாளித்திருப்பேன். அவள் அளவுநாடாவோடு வந்து அறையை நீளமும் அகலமும் அளந்தாள். பன்னிரண்டு பிள்ளைகள் இருக்கப் பன்னிரண்டு கதிரை போடலாம் என்று கொப்பியில் எழுதினாள். அந்த அறை போனால் திரும்பவும் மாமாவின் சீமெந்துக் கடையில் பில் எழுதப் போகவேண்டும். அங்கே கேட்கும் ஒரே இசை, லொறி பின்னால் வரும்போது போடும் பாட்டு. சுபா கொப்பியை மூடினாள்.

"தைப்பொங்கல் வரைக்கும் பாப்பன். அதுக்குள்ளை உருப்படியா ஒரு வேலையும் வராட்டி, உந்த மெத்தை கிடக்கிற சுவரிலை கரும்பலகை தொங்கும்."

முகம் வேண்டாம், கை வேண்டும்

கார்த்திகையில் ஒரு வேலை வந்தது. நாதஸ்வரக்காரர் சிவபாதம் அண்ணை தன் மேளச் செட்டைப் பதியவேண்டும் என்றார். வெளிநாட்டுக் கலியாணங்களில் மேளம் பிடிக்க ஆளில்லாத இடத்தில், தாலி கட்டும் நேரம் போனில் போட்டுவிடுவார்களாம். செட்டில் தவில் அடிப்பவர்கள் இரண்டு பேர். கணேசனும் அவருடைய தம்பி மோகனும். வேலிக் கதியால் தடிகளை யார் அரை அடி தள்ளி நட்டது என்ற பிரச்சினையில் இரண்டு வருடமாக இருவருக்கும் பேச்சு இல்லை. ஆனால் ஒரே வான் வண்டியில் வருவார்கள், ஒரே மேடையில் பக்கத்தில் பக்கத்தில் இருப்பார்கள், தவிலால் மட்டும் கதைப்பார்கள்.

எனக்கு உள்ளுக்குள் சந்தோசம். கதையாதவர்கள் என்றால் தனித்தனியாகப் பதியலாமே, இரண்டு துளை போதுமே என்று கணக்குப் போட்டேன். கணேசனை முதலில் வாசிக்க வைத்தேன். பிறகு மோகனுக்கு ஹெட்போன் மாட்டி, அண்ணன் வாசித்ததைக் கேட்டு வாசிக்கச் சொன்னேன். மோகன் இரண்டு தரம் தொடங்கி இரண்டு தரமும் நிறுத்தினார். சத்தம் போதாதோ என்று கூட்டினேன். அவர் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்தார்.

"சத்தம் கேக்குது. ஆனா உவற்றை கை தெரியேல்லை. முகத்தை நான் பாக்கிறேல்லை, கையைத்தான் பாக்கிறனான். கையில்லாமல் என்னெண்டு வாசிக்கிறது?"

கலியாண வீட்டு அடுப்பு

எல்லாரையும் ஒன்றாக இருத்தித்தான் பதிவது என்று அன்று முடிவெடுத்தேன். இரண்டு நாதஸ்வரத்துக்கு இரண்டு மைக். தவிலுக்கு இரண்டு பக்கமும் இரண்டு தொனி, ஆகவே இரண்டு தவிலுக்கு நாலு. தாளத்துக்கு ஒன்று. அறையின் பொதுச் சத்தத்துக்கு ஒன்று. மொத்தம் எட்டு.

புதிய ஸ்டூடியோ கட்ட வசதியில்லை. ஆனால் என் சின்னப் பெட்டியின் முதுகில் நான்கு வருடமாக எறும்பு மட்டும் போய்வந்த ஒரு சதுர ஓட்டை இருந்தது. எட்டு மைக் பிடிக்கும் பிரீஆம்ப் ஒன்றை ஒரேயொரு ஒளிக் கம்பியால் அதில் கொழுவலாம் என்று அறிந்தேன். பெரிய கம்பனிச் சாமான் கனவில்தான். கைக்கு எட்டிய விலையில் ஒன்று கொழும்பில் இருந்தது. பஸ்ஸில் போட்டுவிடச் சொன்னேன். விடிய யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் போய் நின்றேன். நடத்துநர் பெட்டியை இறக்கி, மேலே அச்சடித்திருந்த படத்தை ஒருதரம் பார்த்தார். வரிசையாக எட்டுக் குமிழ். என்னை ஒருதரம் பார்த்தார்.

"அண்ணை, எட்டு அடுப்புக் காஸ் குக்கர் இப்பத்தான் பாக்கிறன். கலியாண வீடோ?"

வெங்காயத்தின் சத்தம்

மார்கழியில் ஒரு சனிக்கிழமை. தைப்பொங்கலுக்கு இன்னும் ஒரு மாதம். ஒலிபெருக்கிக் கடை நண்பனிடம் இரவல் வாங்கிய மைக்குகளும் சேர்ந்து எட்டும் நின்றன. எட்டாவதைக் குசினிப் பக்கத்து யன்னலோடு உயர்த்தி வைத்தேன். முதல்நாளே சோதித்தும் விட்டேன். சோதனை என்றால் எங்கள் ஊர் முறைதான். ஒவ்வொரு மைக்கிலும் "ஹலோ, ஹலோ, ஒண்டு ரண்டு மூண்டு" சொல்வது, பெட்டியில் பச்சை லைட் எரிகிறதா என்று பார்ப்பது. எரிந்தது. பதிந்ததைத் திருப்பிப் போட்டுக் கேட்கவேண்டும் என்று யார் நினைத்தார்கள்?

செட் அருமையாக வாசித்தது. போட்டுக் கேட்டால், நடுநடுவே 'டிக்'. எட்டு மைக்கிலும் ஒரே டிக். மின்விசிறியை நிறுத்தினேன். குளிர்சாதனப் பெட்டியின் பிளக்கைக் கழற்றினேன். கணேசன் சுவரைப் பார்த்தபடி "அங்காலை இருக்கிற தவிலைச் சோதிக்கச் சொல்லுங்கோ" என்றார். மோகன் கூரையைப் பார்த்தபடி "இஞ்சாலை இருக்கிறதையும்" என்றார். சிவபாதம் அண்ணை மணிக்கூட்டைப் பார்த்தார். அடுத்த நாளிலிருந்து பொங்கல் வரைக்கும் திருவெம்பாவை, கோயில் பூசை என்று ஓய்வுநாள் ஒன்றும் அவருக்கு இல்லை. இன்றைக்கு விட்டால் தைப்பொங்கலுக்கு முன் அவர் வரமாட்டார்.

கடைசியாக, வேலிக்கு அந்தப் பக்கம் வெங்காயத்துக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த கந்தசாமி அண்ணையிடம் ஓடினேன். மோட்டரை நிறுத்துங்கோ என்று கெஞ்சினேன். நல்ல மனுசன், நிறுத்தினார். உள்ளே வந்து பதிந்து பார்த்தால் அதே டிக். திரும்பி வெளியே போனேன். அவர் மண்வெட்டியில் சாய்ந்துகொண்டு காத்திருந்தார்.

"மோட்டரை நிப்பாட்டியாச்சு. இனி வெங்காயம் வளருற சத்தமும் இடைஞ்சலெண்டால், அதையும் சொல்லும், புடுங்கிவிடுறன்."

தாளக்காரர் எண்ணியது

செட்டில் தாளம் போடும் நடராசா அண்ணை பருத்தித்துறையிலிருந்து பஸ் பிடித்து வருபவர். நான் டிக் வந்த பதிவைத் திரும்பத் திரும்பப் போட்டு என்னையே திட்டிக்கொண்டிருக்க, அவர் மட்டும் கண்ணை மூடித் தொடையில் விரல் எண்ணிக்கொண்டிருந்தார். நித்திரைக்குப் போகிறார் என்று நினைத்தேன்.

அவர் கண்ணைத் திறந்து, மற்றச் சத்தமெல்லாம் நினைத்த நேரம் வரும், இது அப்படி வரவில்லை என்றார். ஒவ்வொரு இரண்டு ஆவர்த்தனத்துக்கும் ஒருக்கா, ஒரே இடத்தில் வருகிறதாம். எனக்கு ஒன்றும் ஓடவில்லை. பிரீஆம்போடு வந்த கையேட்டைத் தேடினேன். அதன் மேல் சுபா சுடுதண்ணிக் கேத்தலை வைத்திருந்தாள். இரண்டாம் பக்கத்திலேயே எழுதியிருந்தது. இரண்டு பெட்டிக்குள்ளும் தனித்தனி மணிக்கூடு இருக்கிறது. ஒன்று முன்னுக்கு, மற்றது அதைப் பார்த்துப் பின்னுக்கு என்று நாங்கள்தான் சொல்லிவைக்க வேண்டும். சொல்லாவிட்டால் இரண்டும் தன் தன் பாட்டுக்கு ஓடும். மயிரிழை மயிரிழையாக விலகி, இடைவெளி நிரம்பும் போதெல்லாம் இடறும். கணினியில் ஒரே ஓர் இடத்தை மாற்றினேன். நான்கு வருடம் தனிக்காட்டு ராசாவாக இருந்த என் சின்னப் பெட்டி, புதியதைப் பார்த்து ஓடத் தொடங்கியது. டிக் போய்விட்டது. எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்கவேண்டும் போலிருந்தது. அவர் தாளத்தைத் துடைத்துக்கொண்டே, அண்ணனும் தம்பியும் இருந்த திசைக்கு முகத்தைத் திருப்பினார்.

"ரண்டும் நல்ல பெட்டியள்தான். ஆர் முன்னுக்குப் போறதெண்டு ஒராள் விட்டுக்குடுத்திருந்தால், காலமை முழுக்க நாங்கள் இப்பிடி மினக்கெட்டிருக்கத் தேவையில்லை."

இரண்டு வருடத்துப் பேச்சு

பிறகு ஒரே மூச்சில் வாசித்தார்கள். அண்ணன் தம்பியின் கையைப் பார்த்தார், தம்பி அண்ணனின் கையைப் பார்த்தார், முகம் இரண்டும் வேறு வேறு சுவரில் இருந்தது. தனி ஆவர்த்தனம் முடிந்த இடத்தில் மெத்தை சுவரிலிருந்து நழுவி விழுந்தது. அதைப் பிடிக்கப் போகாமல் நான் வாயைப் பிளந்துகொண்டு இருந்தேன். இப்படியொன்று என் அறைக்குள் நடக்கும் என்று நான் நினைத்திருக்கவே இல்லை.

போட்டுக் காட்டினேன். எட்டும் தனித்தனியாக, சுத்தமாக. மோகன் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். ஓர் இடத்தில் சட்டென்று நிமிர்ந்து, இரண்டு வருடத்தில் முதல்தரம் நேராக அண்ணனின் முகத்தைப் பார்த்தார். சிவபாதம் அண்ணை மூச்சை உள்ளே இழுத்து வைத்திருந்தார்.

"அண்ணை, உந்த இடத்திலை நீங்கள் முந்தி ஓடிப்போட்டியள்."

கணேசனும் முகத்தைத் திருப்பவில்லை.

"நான் ஓடேல்லையடா. நீதான் கதியாலிலை கொழுவுப்பட்டமாதிரி பிந்தினாய்."

எட்டாவது மைக்

செட் போனபிறகு ஒவ்வொரு மைக்காகத் தனியே போட்டுக் கேட்டு வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தேன். டிக் போனதும் அவர்களும் நானும் வெற்றிலை போட வெளியே போனபோது, பரபரப்பில் பதிவை நிறுத்த மறந்திருக்கிறேன். ஏழு மைக்கிலும் வெறும் அறை. எட்டாவது, குசினி யன்னலோடு நின்றது. அதில் கரண்டிச் சத்தம். பிறகு வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கந்தசாமி அண்ணையின் மனைவி புஷ்பம் அக்கா, "அப்ப பொங்கலோடை அறை உமக்குத்தானே?" என்று கேட்பது தெளிவாக விழுந்திருந்தது.

சுபா கேத்தலை மூடும் சத்தம். கேத்தல் கொதிக்கிறது. நான் ஹெட்போனை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். வாங்கிய பெட்டி நல்லது என்று நான் உண்மையில் நம்பியது அந்த இடத்தில்தான். ஒரு சொல்லும் தவறவில்லை.

"இல்லையக்கா, முன் விறாந்தையை அடைச்சு வகுப்பு வைப்பமெண்டு யோசிச்சிருக்கிறன். இந்த மனிசன் உதுக்குள்ளை இருக்கேக்கைதான் மனிசனா இருக்குது, அதைப் பறிக்க மனம் வரேல்லை. ஆனா இவருக்குச் சொல்லிப்போடாதேங்கோ, பொங்கல் மட்டும் பயந்துகொண்டு இருக்கட்டும்."

அந்த எட்டாவது பதிவை நான் மேளத்தோடு கலக்கவும் இல்லை, அழிக்கவும் இல்லை. பொங்கல் வரை பயந்தமாதிரி நடிப்பதுதான் இப்போது என் முழுநேரத் தொழில்.