பதினோராவது சால்

இதை என் தங்கையிடம்கூட நான் சொன்னதில்லை. ஆனால் சத்தியமாக நடந்தது. பட்டப்பகலில், கலிஃபோர்னியாவில், 1958 ஜூன் மாதம்.

மெக்சிகோவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகப் போயிருந்தோம். சர்க்கரை பீட் வயலில் களை எடுக்கும் வேலை. கையில் குட்டையான களைக்கொத்து. நாள் முழுக்கக் குனிந்தே கிடக்க வேண்டும். நிமிர்ந்தால் மேஸ்திரி கத்துவார். ஆளுக்கு ஒரு சால், அதாவது ஒரு பயிர் வரிசை. நான் பத்தாவது சாலில். பதினோராவதில் என் தங்கையின் கணவன் கிரெசென்சியோ. அவனுக்கு அது முதல் வருடம். கூட்டி வந்தது நான்தான்.

மணி 12.50. மெதுவாகக் கூப்பிட்டான்.

“மச்சான், தலை சுத்துது. வேர்வைகூட நின்னுபோச்சு. மேஸ்திரிகிட்ட நீ சொல்லேன். நீ சொன்னா கேப்பாரு.”

உடம்பு முடியவில்லை என்பவர்களை ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் ஏற்றி எல்லைக்கு அனுப்பிவிடுவார்கள். சில சமயம் கூட்டி வந்தவனையும் சேர்த்து.

“சாயங்காலம் வரைக்கும் பல்லக் கடிச்சுக்க, மாப்ள” என்றேன். திரும்பிப் பார்க்காமல் முன்னால் நகர்ந்தேன்.

கொஞ்ச நேரம் பின்னால் சத்தமே இல்லை. 1.30க்குக் கொத்தும் சத்தம் கேட்டது.

டக்… டக்… டக்…

அப்பாடா என்றிருந்தது. சத்தம் நெருங்கியது. என் பக்கத்திலேயே வந்துவிட்டது.

ஆனால்… காய்ந்த மண். கொத்தினால் புழுதி பறக்கும். அவன் பக்கம் புழுதியே இல்லை. மூச்சு வாங்கும் சத்தமும் இல்லை. ஓரக்கண்ணால் தரையைப் பார்த்தேன். என் நிழல் மட்டும்தான்.

“மாப்ள?”

டக்… டக்…

சரியாக 2 மணிக்குச் சத்தம் நின்றது.

2.10க்குத்தான் நிமிர்ந்தேன்.

யாருமில்லை.

அவன் என்னைக் கூப்பிட்ட இடத்துக்கு மேல் அவன் சாலில் ஒரு களைகூட வெட்டுப்படவில்லை.

இருநூறு அடி பின்னால் மேஸ்திரியின் லாரி. நாலு பேர் அவனைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள்.

1.30க்கு முன்பே உயிர் போய்விட்டது என்றார் டாக்டர்.

சாயங்காலம் மேஸ்திரி எங்கள் கொட்டகைக்கு வந்தார். முகம் வெளிறியிருந்தது. யார் வந்து தகவல் சொன்னார்கள் என்று கேட்டேன்.

“ரெண்டு மணிக்கு ஒருத்தன் தொப்பியைக் கையில வச்சுக்கிட்டு வந்தான். ‘ஐயா, பதினோராவது சால்ல ஒரு ஆளு விழுந்து கெடக்கான், சொல்ல வேண்டியவன் சொல்லல’ன்னான். போய்ப் பார்த்தா… கெடந்தது அவனேதான்.”

பிறகு, அந்தச் சொல்ல வேண்டியவன் யாரென்று உனக்குத் தெரியுமா என்று கேட்டார்.

தெரியாது என்றேன்.